மௌனியின் கிடங்கு

அத்தியாயம் 7

போன வாரம் தேன் கிடைக்காமல் ஆயிரம் பேர் செத்துப்போனார்கள் என்று வக்கீலம்மா சொன்னதும் கொசுறு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். செத்ததெல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டில் என்று அடுத்த வாக்கியத்தில் தெரிந்ததும் எழுந்த வேகத்தில் உட்கார்ந்தான்.

“செத்தவங்க திரும்பப் பொறந்துடுவாங்களா மேடம்?”

“பொறந்துடுவாங்க. ஆனா வேற கம்பெனி கேம்ல போய்ப் பொறக்கறாங்களாம். அதுக்குத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க.”

வக்கீலம்மா ஒரு காலத்தில் நிஜமாகவே கறுப்பு அங்கி மாட்டி வாதாடியவர். எதிர்க்கட்சியை விடத் தன் கட்சிக்காரர்கள்தான் கூசாமல் பொய் சொல்கிறார்கள் என்று புரிந்த அன்றைக்குத் துப்பறியும் தொழிலுக்கு மாறினார். அதற்கு இடம் பிடித்துக் கொடுத்த புரோக்கர் ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகளோடு தன்னிடம் வேலை பார்த்த ஆளையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனான். சாமான் வாங்கினால் கடைக்காரர் கடைசியில் ஒரு கை அள்ளிப் போடுவாரே, அப்படி வந்து சேர்ந்த ஆள். முப்பத்தைந்து வயதாகியும் கொசுறு என்ற பெயர் போகவில்லை. வேலையில் குறை சொல்ல முடியாது; வாய்தான் ஓயாது.

விளையாட்டின் பெயர் உப்புத் தீவு. நூறு ஊர்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி அந்தத் தீவில் குடியேறிப் பிழைக்கிறார்கள். காயம் ஆறத் தேன் வேண்டும். குளிரைத் தாண்ட விறகு வேண்டும். தூரத்து நண்பனுக்குச் சேதி அனுப்பப் புறா வேண்டும். எது எவ்வளவு விளைய வேண்டும் என்று தீர்மானிப்பதற்கென்றே கம்பெனியில் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைத் தராசு என்றே அழைத்தார்கள். தேன் அதிகமாகக் கிடைத்தால் ஒருவனும் காட்டுக்குப் போக மாட்டான். குறைவாகக் கிடைத்தால் விளையாட்டையே விட்டுவிட்டுப் போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் ஆளைத் தவிக்கவிட்டே பிடித்து வைப்பதுதான் அவருடைய கலை. அதற்காக அவர் வாங்கிய விருதுகள் முதலாளியம்மாவின் அறைச் சுவரை நிறைத்திருந்தன.

அவருக்கும் ஒரு தலைவலி இருந்தது. தீவில் மௌனி என்று ஓர் ஆட்டக்காரர். யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதால் மற்றவர்கள் வைத்த பெயர். தராசு எந்தப் பொருளுக்குத் தட்டுப்பாடு கொண்டுவரப் போகிறாரோ, அந்தப் பொருளை மௌனி முந்தின வாரமே வாங்கிக் குவித்துவிடுவார். போன மாதம் தராசு ஒரு மாறுதலுக்காகக் குறைக்காமல் கூட்டினார். மதகைத் திறந்துவிட்ட மாதிரி தேனும் விறகும் புறாவும் கொட்டின. அதற்கு முந்தின நாளே மௌனி கிடங்கைக் காலி செய்துவிட்டு ஆளே காணாமல் போய்விட்டார். பொருள் சல்லிசானதும் அதைச் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள் கட்டுப்படியாகாமல் தொழிலை விட்டார்கள். கொட்டியது நின்றதும் கொண்டுவர ஆளில்லை. அந்த ஆயிரம் சாவும் அப்படி வந்ததுதான்.

உள்ளிருந்து யாரோ முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முதலாளியம்மா முடிவு கட்டியிருந்தார். தராசு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வெளியே விடுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் டெஸ்டர் பெண் மேல்தான் பழி விழுந்தது. காலையிலேயே அவளிடமிருந்து அடையாள அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். போலீசுக்கு எழுதிய புகார் கையெழுத்தாகி மேஜை மேல் இருந்தது. ஆபீஸ் மூடுவதற்குள் வேறு ஆளைக் காட்டினால் கிழித்துப் போடுவதாக முதலாளியம்மா சொன்னார். ஏதோ விளம்பரச் சலுகையை அறிவிப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கொசுறுக்கு அந்த அம்மாளை அந்த நிமிஷமே பிடிக்காமல் போய்விட்டது.

டெஸ்டர் பெண் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, தன் சாமான்கள் அடங்கிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காபிக் கோப்பை, ஒரு சின்னச் செடி, ஒரு ஸ்வெட்டர். அழுது முடித்து மூக்கு சிவந்திருந்தது. கடைசியாகச் செய்த மாற்றம் தன் மேஜைக்கு வரவே இல்லை என்று அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தப் புகார் போனால் இந்தத் தொழிலில் எந்தக் கம்பெனியும் தன்னை வாசல்படி ஏற்றாது என்றாள். இந்த வேலையை நம்பித்தான் தம்பியைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள்.

கொசுறுக்கு மனசு கேட்கவில்லை. “சாயங்காலத்துக்குள்ள நீ உன் சீட்டுல உக்காருவே. உன் செடிக்கு நானே தண்ணி ஊத்தறேன், போதுமா?” என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

வக்கீலம்மா அவனை முறைத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது எப்போதும் அவர் தலையில்தான் விழும்.

மௌனியைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டதற்கு அந்தப் பெண் போனை நீட்டினாள். மௌனியின் கிடங்கு அழகாக இருக்கிறதே என்று போன மாதம் அவள் பிடித்து வைத்த படம். தீவில் யாருடைய கிடங்கை வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், எடுக்கத்தான் முடியாது. மற்றவர்கள் கண்டபடி கொட்டி வைத்திருப்பார்கள். மௌனியின் கிடங்கில் பெட்டிகள் வரிசை பிசகாமல் நின்றன. வந்த தேதி ஒவ்வொரு பெட்டியிலும் தானாகவே விழும். பழைய பெட்டிகள் முன்னால், புதியவை பின்னால். மொத்தக் கிடங்கும் அப்படித்தான்.

“எங்க வீட்டு அலமாரியை இவர் பார்த்தா மயக்கம் போட்டு விழுந்துடுவார்” என்றான் கொசுறு.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “தீவுல தேன் கெட்டுப்போகுமா?”

எதுவுமே கெடாது என்றாள் அவள். எத்தனை வருஷமானாலும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

தராசின் அறையில் வேண்டாத ஒரு துரும்பு கிடையாது. மேஜையில் ஒரு பேனா, ஒரு டம்ளர். டம்ளரில் பாதித் தண்ணீர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். வந்தவர்களை உட்காரச் சொல்லாமல், உட்காருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா உட்கார்ந்தார். கொசுறு நின்றான். தராசு இருவரையும் மனசில் குறித்துக்கொண்ட மாதிரி தலையசைத்தார்.

கடைசி மாற்றத்தைப் பற்றி யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது. எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, டெஸ்டருக்குக்கூட அனுப்பவில்லையாம். என் மண்டையை விட்டு அது வெளியே போகவே இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

“அப்புறம் அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ஊகிச்சிருப்பா. ரெண்டு வருஷமா பக்கத்து சீட்டு. கூடவே இருந்தா ஒருத்தனோட பழக்கம் புரிஞ்சுடும்.”

வக்கீலம்மா அதை ஒப்புக்கொண்டார். எழுந்து போகிற போக்கில், சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாளர் என்றும், மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்றும் பதில் வந்தது.

லிஃப்ட் கதவு மூடியதும் கொசுறுக்குப் பொறுக்கவில்லை. வந்த வேலையை விட்டுவிட்டுச் சம்பந்தம் பேசுகிற மாதிரி குடும்ப விசாரணை எதற்கு என்றான்.

“தேன் கெடாத ஊர்ல, கெட்டுப்போகும்னு பயந்து ஒருத்தர் அடுக்கியிருக்காங்க. பழசை முன்னால வைக்கணும்னு யாரும் சொல்லலை, அவசியமும் இல்லை. கை தானா செஞ்சிருக்கு. தேதி முடிஞ்ச சரக்கு கண்ணுல பட்டா தூக்கம் வராத தொழில் எது?”

கொசுறு அந்தப் பெண்ணிடமிருந்து தன் போனுக்கு வாங்கி வைத்திருந்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

“இன்னொண்ணு. பக்கத்து சீட்டுல இருக்கறவ ஊகிப்பான்னா, பக்கத்துத் தலையணையில இருக்கறவ ஊகிக்க மாட்டாளா?”

ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கு தரைக்குக் கீழே இருந்தது. குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. அலமாரி அலமாரியாகப் பெட்டிகள், பழையவை முன்னால், புதியவை பின்னால். கொசுறு போனில் இருந்த படத்தையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரே கை.

தராசின் மனைவி வெள்ளைக் கோட்டுப் போட்டு, மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு வேண்டிய மருந்து இவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கொசுறு உதவி செய்வதாக நினைத்து அதை எடுக்கப் போனான்.

“நிக்கட்டும்” என்றாள் அவள். “கேட்டதும் குடுத்தா அருமை தெரியறதில்லை. பாதி மாத்திரையை வீட்ல போட்டுடுவாங்க. கொஞ்சம் நின்னு வாங்கினா ஒழுங்கா முழுங்குவாங்க.”

கண்டிப்பான அம்மா என்று கொசுறு மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. போனை அவள் முன் வைத்தார். அவள் படத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தூக்கில் போடப் போகிறார்களோ என்ற பயமோ, அகப்பட்டுக்கொண்ட வெட்கமோ எதுவுமில்லை. நல்ல வேளை, யாராவது வந்தீர்களே என்பது போல ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

முதலில் வீட்டில் சர்க்கரை காணாமல் போனது. வாங்க மறந்துவிட்டேன் என்பார் கணவர். இவள் வாங்கி வந்தால் மறுநாள் டப்பாவில் பாதிதான் இருக்கும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். இவள் என்ன செய்கிறாள் என்று சமையலறை வாசலில் நின்று பார்ப்பார், கையில் பேனா இருக்கும். அடுத்து வெந்நீர் ஹீட்டர் ரிப்பேர் ஆனது. ஆள் வருவான் வருவான் என்று குளிர் காலம் முழுக்க வரவில்லை. பிறகு மகள் போனில் பேசுகிற நேரம் பார்த்து வீட்டில் இணைப்பு அறுந்தது. இவள் எவ்வளவு நாள் அழுவாள், எப்போது கெஞ்சுவாள், எப்போது விட்டுவிடுவாள் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகளும் உப்புத் தீவில் ஆடுகிறவள். அம்மா, தீவில் புறாவே கிடைக்கவில்லை, சிநேகிதிகளோடு பேச முடியவில்லை என்று அவள் ஒருநாள் அழுதாள். அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. அதற்கு முன் தீவில் என்னென்ன தட்டுப்பாடு வந்தது என்று மகளிடமே கேட்டாள். முதலில் தேன், அப்புறம் விறகு என்றாள் மகள். வீட்டில் சர்க்கரை போன மறு வாரம் தீவில் தேன். வெந்நீர் போன மறு வாரம் விறகு. லட்சம் பேரைத் தவிக்கவிடுவதற்கு முன் அவர் ஒத்திகை பார்த்தது ஒரே ஒருத்தியிடம்.

வீட்டில் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தீவில் முடிந்தது. மலிவாக இருக்கும்போது வாங்கி அடுக்கி, தட்டுப்பாடு வந்ததும் ஆளுக்குக் கொஞ்சமாக விட்டாள். ஆஸ்பத்திரியில் செய்வதும் அதைத்தானே.

கொசுறுக்குத் தராசின் மேஜையில் இருந்த பாதி டம்ளர் தண்ணீரைத் தட்டிவிட்டிருக்கலாம் என்று தோன்றியது.

“கடைசியில எல்லாத்தையும் வித்துட்டீங்களே. கொட்டப் போறார்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார் வக்கீலம்மா.

அவள் கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். புத்தம் புதுசு. கட்டிய அடையாளமே இல்லை.

“ஒருநாள் பூவோட வந்தார். மறுநாள் இது. சாப்பிட்டியா, தூங்கினியா, கால் வலிக்குதான்னு கேட்டார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்காத கேள்வி. முதல் நாள் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டாம் நாள் பயமா இருந்துச்சு. மூணாம் நாள் கிடங்கைக் காலி பண்ணிட்டேன்.”

ஜன்னலில் நின்றவர் இருமினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பழி வேறொரு பெண் மேல் விழுந்திருக்கிறது என்று வக்கீலம்மா சொன்னதும் அவள் உடனே எழுந்தாள். நானே வந்து சொல்கிறேன் என்றாள். கொசுறு அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். போகிற வழியெல்லாம் அவனுக்கு ஒரே எண்ணம்தான்: செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

முதலாளியம்மாவின் அறையில் அவள் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். சர்க்கரை, வெந்நீர், மகளின் போன், பூ. தராசு அசையாமல் கேட்டார். முகத்தில் ஈயாடாது என்று கொசுறு காத்திருந்தான். ஆடியது. அந்த மனிதருக்கு ஆர்வம் பொங்கிக்கொண்டு வந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லு. நான் அன்பா இருந்தது எத்தனாவது நாள்ல சலிச்சுது?”

“சலிக்கலை. நம்பலை.”

“ஓ” என்றார். “அதுவும் நல்ல தகவல்தான்.”

கொசுறு ஒரு அடி முன்னால் வைத்தான். வக்கீலம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, சுவரில் விருதுகளுக்கு நடுவே மாட்டியிருந்த பெரிய வரைபடத்தைக் காட்டினார். தீவின் விலைவாசிக் கோடு. ஒரு வருஷமாக ஏற்ற இறக்கம் இல்லாமல் வழவழவென்று போயிருந்தது. அந்தக் கோட்டுக்காகத்தான் தராசுக்கு அத்தனை விருது. போன மாதத்தில் ஓரிடத்திலிருந்து அது பித்துப்பிடித்த மாதிரி ஏறி இறங்கியது.

“இது எங்கே உடையுதுன்னு பாருங்க. மௌனி கிடங்கைக் காலி பண்ணின நாள். உங்க தீவை நேரா வெச்சிருந்தது இவர் இல்லை. இவர் ஆட்டின தராசை அந்தம்மா அந்தப் பக்கம் கையை வெச்சு அழுத்திப் பிடிச்சிட்டிருந்தாங்க.”

முதலாளியம்மா வரைபடத்தைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். பிறகு அவர் மனைவியை வெகுநேரம் பார்த்தார். சர்க்கரை டப்பாவைப் பற்றியோ, குளிர்ந்த தண்ணீரைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

“இவர் நாற்காலியில நீங்க உக்கார்றீங்களா?” என்றார்.

தராசின் கையிலிருந்த பேனா முதல் தடவையாக நின்றது.

வேலையை ஒப்புக்கொள்ள அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கணவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. அவர் இருக்க வேண்டும், அவளுக்குக் கீழே. என்ன வேலை என்று அவள் சொல்லும்போது சொல்வாள். சொல்லாத நாளில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். முதலாளியம்மாவுக்கு அது வேடிக்கையாகவே இருந்தது, உடனே சம்மதித்தார். தராசு மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். கெஞ்சலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கொசுறு வாழ்க்கையில் பார்த்த சந்தோஷமான காட்சிகளில் அதுவும் ஒன்று. அதோடு அறையை விட்டு வெளியே போயிருந்தால் அவனுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

ஆனால் முதலாளியம்மா புகார்க் கடிதத்தைக் கையில் எடுத்தார். இனி அந்தப் பெண் புதியவளின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும், ஆகவே முடிவையும் புதியவளே சொல்லட்டும் என்றார். கிழித்துவிடலாமா? கூப்பிட்டு உட்கார வைக்கலாமா?

அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். டெஸ்டர் பெண் பெட்டியோடு எழுந்து நின்றிருந்தாள். உள்ளே நல்லது நடக்கிறது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கொசுறைப் பார்த்துச் சிரித்தாள்.

“கிழிக்க வேணாம்” என்றாள் தராசின் மனைவி. “அப்படியே மேஜை மேல இருக்கட்டும். அவ கண்ணுல படற மாதிரி. ரெண்டு வாரம் கழிச்சுக் கூப்பிடலாம்.”

“அவ எந்தத் தப்பும் பண்ணலையே” என்றான் கொசுறு.

“தெரியும். அதனாலதான் கூப்பிடுவேன்னு சொல்றேன். இன்னைக்கே குடுத்தா அவளுக்குப் பாக்கியைத் திருப்பி வாங்கின மாதிரி இருக்கும். நின்னு வாங்கினா சாகற வரைக்கும் மறக்க மாட்டா.”

தராசு அவளை நிமிர்ந்து பார்த்தார். வருஷக்கணக்கில் பக்கத்தில் இருந்தவளை அன்றைக்குத்தான் மதிக்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

வக்கீலம்மா வாதாடிப் பார்த்தார். பழைய அங்கி ஞாபகத்தில் குரலையும் உயர்த்தினார். ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்தது, மேடம் என்று முதலாளியம்மா கதவைக் காட்டினார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஓடி வந்தாள்.

“ஆள் கிடைச்சாச்சா அண்ணா?”

“கிடைச்சாச்சும்மா.”

“அப்ப நான் உள்ள போலாமா?”

கொசுறு திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தராசின் மனைவி நின்றபடி, இந்தப் பெண்ணின் முகத்தையே உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். கையில் கணவரின் பேனா இருந்தது.

ரெண்டு வாரம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் ஆகுமாம் என்று மட்டும் சொன்னான். அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பரவாயில்லை அண்ணா. எவ்வளவு நாள்னாலும் காத்திருக்கேன். அந்தம்மா பார்த்தா ரொம்ப நல்லவங்களா தெரியறாங்க.”